புஷ்பம் ஊற்றிய கஞ்சி

என் மனைவி ரோஸலினுக்கு உணவு இறங்கவில்லை என்பதைத் தவக்காலம் எங்களிடமிருந்து மறைத்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்களில் அவள் கறி, மீன், முட்டையை விட்டுவிடுவாள். அந்த ஆண்டு சோற்றையும் விட்டுக் கஞ்சி மட்டும் குடித்தாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். அவளுடன் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். அவளைப் பார்த்து ஓரிருவர் தாங்களும் ஒரு வேளைச் சோற்றை விட்டார்கள்.

ஈஸ்டர் அன்று மதியம் அவள் தட்டில் ஆட்டுக்கறி வைத்தேன். ஒரு துண்டை நெடுநேரம் மென்றாள், விழுங்கினாள். பிறகு எழுந்து பின்வாசலுக்குப் போய், விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள். திரும்பி வந்து நெஞ்செலும்பின் நடுவில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த இடத்துல நிக்குதுங்க. ரொம்ப நாளாவே நிக்குது. நோன்புதானன்னு நானும் விட்டுட்டேன்."

திண்டுக்கல் தனி மாவட்டமாகப் போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. நான் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். வேடசந்தூர்ப் பக்கத்து மில் வேலைநிறுத்தம், கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும் என்ற ஊகம், இவைதான் என் அன்றாடம். புற்றுநோயைப் பற்றி நான் எழுதியதெல்லாம் பிரமுகர்களின் மரணச் செய்திகளில்தான். அவற்றிலும் 'நீண்ட நாள் உடல்நலக் குறைவு' என்று எழுதுவதே வழக்கம். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

முதலில் திண்டுக்கல்லிலேயே பேரியம் எக்ஸ்ரே (சுண்ணாம்புபோல் வெள்ளையான ஒரு கரைசலைக் குடிக்கவைத்து, அது இறங்கும் வழியைப் படமெடுப்பது) எடுத்தார்கள். படத்தில் வெள்ளைக் கோடு அகலமாகத் தொடங்கி, நடுவில் எலிவால்போல் மெலிந்திருந்தது. மதுரையில் பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தல்) செய்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் ரோஸலினை வெளியே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"என் தொண்டையப் பத்தித்தான டாக்டர் பேசப் போறீங்க? நானும் இருக்கேன்," என்றாள்.

உணவுக்குழாயில் புற்று. அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கரண்ட் வைக்கலாம் என்றார். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். குணமாகுமா என்று கேட்டேன். "கொஞ்ச காலம் சாப்பிட முடியும்," என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அவர் பொய்யும் சொல்லவில்லை.

கோடை முழுவதும் மதுரை பஸ்ஸில் போய் வந்தோம். அவள் மார்பின் நடுவில் மருத்துவமனை மையால் வரைந்த சதுரம் இருந்தது. அதைக் கழுவக் கூடாது. அதற்குள் தோல் கறுத்து, உரிந்தது. சிகிச்சை முடிந்தபின் சில வாரம் குழைந்த ரசம் சாதம் இறங்கியது. அந்த வாரங்களில் இருவரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டோம். பிறகு சாதம் நின்றது, கஞ்சி நின்றது, தண்ணீர் நின்றது. கடைசியில் எச்சிலையும் டப்பாவில் துப்ப வேண்டியதாயிற்று. மூக்கு வழியாக இரைப்பை வரை ஒரு மெல்லிய ரப்பர் குழாயை இறக்கி, நுனியைக் கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"இது அடைக்காமப் பாத்துக்குங்க," என்றார் டாக்டர். "அந்த இடம் நாளுக்கு நாள் சுருங்குது. இந்தத் தடவை எப்படியோ இறக்கிட்டேன். இன்னொரு தடவை இறங்கும்னு சொல்ல முடியாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வேலைதான். குழாய் அடைக்கக் கூடாது.

இதே குழாயுடன் வீடு திரும்பியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். பால் ஆடையை எடுத்துவிடுங்கள். மாத்திரையை நன்றாகப் பொடித்துக் கரையுங்கள். நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்தபிறகே ஊற்றுங்கள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைக் குழாயின் வாயில் செருகி, அதில் ஊற்றி உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும். அழுத்தாதீர்கள். கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். இவை எளிய வேலைகள். ஒரே ஒரு வேளை தவறினாலும் போதும், குழாய் அடைத்துவிடும்.

நான் செய்தி சேகரிக்கப் போகும் பொழுதுகளில் அவளுடன் இருக்க ஆள் வேண்டும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கோயில் பெண்கள் சபையிலிருந்து இரண்டு இரண்டு பேராக நோயாளிகளைப் பார்க்க வருவார்கள். கட்டில் ஓரம் நின்று ஒரு பாட்டு, செபமாலையில் ஒரு பகுதி, நெற்றியில் சிலுவை. நல்லவர்கள். ஆனால் எச்சில் டப்பாவைப் பார்த்ததும் அவர்கள் கண் சன்னலுக்குப் போய்விடும்.

அவர்களில் ஒருவர் மட்டும் தனியாகவும் வரத் தொடங்கினார். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்த மரியபுஷ்பம். கணவர் இறந்தவர். புகையிலைக் குடோனில் காம்பு உரிக்கும் வேலை. மதியம் வேலை விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் அவர் நுழையுமுன் புகையிலை நெடி நுழையும். நான் செய்து காட்டியபடி கஞ்சி ஊற்றக் கற்றுக்கொண்டார். ஊற்றும்போது பேசிக்கொண்டே இருப்பார்.

"ஏன் டீச்சர், ஊர்ல அம்புட்டுப் பேரும் வாயில சோத்த வச்சுக்கிட்டே வம்பு பேசுறாளுக. ஒங்களுக்கு வாய் சும்மாதான இருக்கு? நாலு வம்பு பேசுனா என்ன?"

கட்டி குரல்நரம்பை அழுத்தியதால் ரோஸலினுக்கு அப்போது காற்றுப்போன்ற குரல்தான் மிஞ்சியிருந்தது. "நீங்க பேச விட்டாத்தான புஷ்பக்கா," என்றாள். சிரித்ததில் குழாய் ஆடியது.

"ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க. சார் வந்து என்னையத்தான் வைவாரு."

மாவட்டத் தொடக்க விழா நடந்த மாதம் நான் வீட்டில் இருந்ததே குறைவு. அந்த நாட்களில் நான் வீட்டில் இருந்த ஒருநாள் பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். வாயால் வாங்க முடியாது என்று ரோஸலின் பல வாரமாக அதைக் கேட்கவே இல்லை. அவரே ஒரு வழி சொன்னார். அப்பத்தில் எறும்புத் தலை அளவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரில் கரையவிட்டுக் குழாயில் விட்டார். பின்னால் விடத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் புஷ்பம். ரோஸலின் கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கில் ஒன்றும் படவில்லை. ஆனாலும் அவள் தொண்டை ஒரு முறை விழுங்குவதுபோல் அசைந்தது. அதை நான் பார்த்தேன். புஷ்பமும் பார்த்தார்.

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான் ஊற்றிய கஞ்சி சிரிஞ்சிலேயே நின்றது. கையை உயர்த்தினேன். இறங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டேன். அதுவும் நின்றது. குழாயை விரலால் நீவிப் பார்த்தேன். ரோஸலின் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் குழாயை உருவினார்கள். புதியதை இறக்கப் பார்த்தார்கள். இரண்டாம் முறை ரத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலை மதுரையிலும் இறங்கவில்லை. உருவிய குழாயின் நுனியைப் பிதுக்கி டாக்டர் என்னிடம் காட்டினார். பிசைந்த மாவுபோல் ஒரு கட்டி, அதில் பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு.

"ரொட்டி ஏதும் கரைச்சு ஊத்துனீங்களா?"

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பழகிய வேலையைச் செய்தேன். நேற்று யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன்.

"விசாரிக்காதீங்க," என்றாள். பிறகு அவளே சொன்னாள். "அந்தோணியார் கோயில் ரொட்டி."

எங்கள் பக்கத்து அந்தோணியார் கோயில்களில் செவ்வாய்க்கிழமை ரொட்டி மந்திரித்துக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் நோயாளிக்கு அதில் ஒரு விள்ளலாவது கொடுக்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். புஷ்பம் அரைநாள் வேலையை விட்டு, வரிசையில் நின்று, ஒரு பன் வாங்கி வந்திருக்கிறார். சாமியார் அப்பத்தைக் கரைத்தது அவர் கண்முன் நடந்தது. அது போனால் இது போகாதா? பன்னைப் பாலில் ஊறவைத்து, மசித்து ஊற்றியிருக்கிறார். மந்திரித்த பொருள் என்பதால் வடிகட்டவில்லை. வடிகட்டினால் பாதி துணியில் தங்கும், துணியைக் கசக்கிப் பிழிந்தால் அது சாக்கடைக்குப் போகும்.

"எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் ஊத்துனாங்க," என்றாள் ரோஸலின். "வேணாம்னு தலைய ஆட்டியிருக்கலாம். நான் ஆட்டல."

"ஏன்?"

"வாசமா இருந்துச்சுங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

மறுநாள் காஸ்ட்ராஸ்டமி (வயிற்றுச் சுவரில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் குழாய் வைத்தல்) செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, அவள் விழித்திருக்கும்போதே செய்தார்கள். டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னார். "இது நோய்க்கு வைத்தியம் இல்லை. ஈரல்லயும் பரவியிருக்கு. பசியில சாகாம இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தோம். துளையின் ஓரத்தில் இரைப்பை நீர் கசிந்தது. அது பட்ட தோல் வெந்துபோயிற்று. களிம்பு தடவி, துணி மாற்றி, கஞ்சி ஊற்றி, மறுபடி துணி மாற்றினேன். வீட்டில் புளித்த வாடை நிரந்தரமாகத் தங்கியது. கோயில் பெண்கள் வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். புஷ்பம் வரவில்லை. கோயிலில் நன்மை (நற்கருணை) வாங்கவும் எழுவதில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

ரோஸலின் அவரைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். மறுநாளும் சொன்னாள். அதற்கும் பார்க்கலாம் என்றேன். மூன்றாம் நாள் காலை நான் கஞ்சியுடன் உட்கார்ந்தபோது, வயிற்றுக் குழாயின் முனையைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அவங்க வந்து ஊத்தட்டும்."

"விளையாடாத ரோஸி. உடம்புல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் இப்பவே கூப்பிடச் சொல்றேன்."

மதியமும் அதே. அவள் கையைப் பலவந்தமாக விரித்திருக்கலாம். அந்த விரல்களில் அதைத் தடுக்கும் வலு இல்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

புஷ்பம் அப்போதுதான் குடோனிலிருந்து வந்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தவர், என்னைக் கண்டதும் சேலையை இழுத்து விட்டு எழுந்தார்.

"ரோஸி கூப்பிடுறா, புஷ்பக்கா."

"நான் வல்ல சார். இந்தக் கைய வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட வாரது?"

"சாமியார்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். தெரியாமச் செஞ்சது பாவமில்லங்கிறாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. வயித்துல ஓட்டை அவருக்கா இருக்கு?"

"காலையில இருந்து அவ சாப்பிடல."

"ஆத்தாடி! அதுவும் அடைச்சுருச்சா?"

"அடைக்கல. நான் ஊத்துனா வேணாங்கிறா. நீங்கதான் ஊத்தணுமாம்."

புஷ்பம் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இதென்ன அழிச்சாட்டியம்? படிச்ச பொம்பள செய்யிற வேலையா இது?" என்று சொல்லிக்கொண்டே, கதவைக்கூடச் சாத்தாமல் என் முன்னால் நடந்தார்.

எங்கள் வீட்டுக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கஞ்சியை வடிகட்டினார், மறுபடி வடிகட்டினார், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் வடிகட்டினார். கட்டிலருகே வந்து சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தார். உயரம் கூடிப்போய்க் கஞ்சி வேகமாக இறங்க, ரோஸலினின் முகம் சுருங்கியது. அவள் இரண்டு விரலைத் தூக்கி மெதுவாகத் தாழ்த்திக் காட்டினாள். புஷ்பம் கையைத் தாழ்த்தினார். கஞ்சி நிதானமாக இறங்கியது.

"நான் ஊத்துனதாலதான டீச்சர் இப்படி ஆயிப்போச்சு."

"ரொட்டி மேல பழியப் போடாதீங்க. புத்து அதுக்கு முந்தியே வந்தது."

புஷ்பம் அழுதார். கை மட்டும் அசையவில்லை.

என் வேலையில் சேவை விழாக்களை நிறைய எழுதியிருக்கிறேன். தையல் மிஷினோ போர்வையோ கொடுப்பவர் கைக்கும் வாங்குபவர் கைக்கும் நடுவில் நிற்கும், எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். கொடுப்பவர் பெயரை முழுதாக எழுதுவோம். வாங்குபவர்கள் 'ஏழைகள்' ஆவார்கள். அன்று என் வீட்டில் நடந்ததில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒரு வரியில் எழுதச் சொல்லியிருந்தால் நான் திணறியிருப்பேன்.

அன்று மாலை ரோஸலினிடமே கேட்டேன். பட்டினி கிடந்து இதைச் செய்திருக்க வேண்டுமா? அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"நான் போயிட்டா அவங்க இதத் தனியாச் சுமக்கணும். இப்ப என்னால ஆகுற வேல இது ஒண்ணுதான். வாங்கிக்கிறது." மேலும் சொன்னாள். "பெரிய வியாழன் பூசையில சாமியார் பன்னெண்டு பேர் காலக் கழுவுறப்ப பாத்திருப்பீங்க. பன்னெண்டு பேரும் வீட்லயே சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்து உக்காருவாங்க. அழுக்குக் கால நீட்ட ஒருத்தருக்கும் மனசு வராது."

வயிற்றுத் துணியில் மஞ்சள் கறை பரவியிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

நான் விசுவாசத்தைப் பற்றி அதிகம் பேசுபவன் அல்ல. ஞாயிறு பூசைக்குப் போவேன், பிரசங்கத்தில் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். வேதனைக்கு அர்த்தம் உண்டு என்று கட்டிலருகே சொன்னவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அவள் வேதனையில் எந்த அர்த்தத்தையும் நான் காணவில்லை, இன்றும் காணவில்லை. ஆனால் சாகக் கிடக்கும் ஒருத்தி, தன் பசியை வைத்து இன்னொருத்தியின் கையைக் கழுவிவிட்டாள். கிறிஸ்தவம் என்று எதைச் சொல்கிறோமோ அதை நான் அருகில் நின்று பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன்பின் மதிய வேளை புஷ்பத்துடையது. நான் வீட்டில் இருந்தாலும் சிரிஞ்சைத் தொட மாட்டேன். அடுத்த ஞாயிறு அவர் நன்மை வாங்க எழுந்தார் என்று கேள்விப்பட்டு ரோஸலின் தலையை அசைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கியபோது இரைப்பை ஏற்றுக்கொள்வதை நிறுத்தியது. ஊற்றியது துளையின் ஓரமாகவே வெளியே வந்தது. கண் மஞ்சளாயிற்று. பார்க்க வந்த உள்ளூர் டாக்டர் இனி ஊற்ற வேண்டாம் என்றார். வடிகட்டிய கஞ்சியுடன் நின்றிருந்த புஷ்பம் அவர் போனதும் என்னிடம் கேட்டார்.

"அப்ப நான் என்னத்துக்கு சார் வரணும்?"

ரோஸலின் உதட்டை லேசாகத் திறந்தாள். உலர்ந்து வெடித்திருந்தது. புஷ்பம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். அன்றிலிருந்து அதுதான் வேலை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் மூச்சு நின்றது. முந்தின மாலை அவியல் சாதம்போல் ஏதோ வாசம் வருகிறது என்றாள். தெருவில் எந்த வீட்டிலும் அன்று அப்படிச் சமைக்கவில்லை. அவள் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம் அது. இறந்தபின் வயிற்றுக் குழாயை உருவ வேண்டுமா, அப்படியே விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. புஷ்பம் உருவினார். துளையின் மேல் மடித்த துணியை வைத்துக் கட்டி, அவளுக்குச் சேலை உடுத்தினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் உறவினர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மதியம் புகையிலை நெடி வந்தது. பின்னாலேயே புஷ்பம் வந்தார். அடுப்படிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் கால்கள் அந்த நேரத்துக்குத் தாமாக நடந்து வந்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. நானும் அப்படித்தான் கட்டிலருகே போய் நின்றிருந்தேன்.

"சார் சாப்ட்டீகளா?"

பசியில்லை என்றேன்.

"கேட்டது அதில்ல," என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கஞ்சி மூடியபடி இருந்தது. தட்டில் ஊற்றி, தொட்டுக்கொள்ளத் துவையல் வைத்து என் முன் தள்ளினார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒரு வாய் எடுத்தேன். வடிகட்டாத கஞ்சி. பருக்கைகள் நாக்கில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. விழுங்கினேன். அது நெஞ்சின் நடுவில் எந்த இடத்தைக் கடக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. இத்தனை ஆண்டுகள் அந்தப் பாதை எனக்குள் இருந்திருக்கிறது. அதைக் கடக்க ஒரு வாய்க் கஞ்சிக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரியாமலே சாப்பிட்டிருக்கிறேன்.

புஷ்பம் உட்காரவில்லை. என் தொண்டையைப் பார்த்தபடி, தட்டு காலியாகும்வரை நின்றார். பிறகு தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். கொடுத்தேன்.